எம்விபி கணிப்பு: ரன்னிங் பேக் பேரைப் போடலாமா?

ஹட்டன் தம்பி: நம்ம என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) விருதுக் கணிப்புப் போட்டிக்கு இன்னைக்குப் பேர் குடுக்கணும். ஒரு ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடுறவர்) சீசன்ல 2,000 யார்டு ஓடுனா எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர் விருது) கிடைக்குமா அண்ணே?

பதுளைக்காரன்: கஷ்டம் தம்பி. 2024 சீசன்ல சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடியும் எம்விபி குவாட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ஜோஷ் ஆலனுக்குத்தான். பார்க்லிக்கு சிறந்த தாக்குதல் வீரர் விருது. கடைசியா எம்விபி வாங்குன ரன்னிங் பேக் 2012ல ஏட்ரியன் பீட்டர்சன். அதனால கணிப்புத் தாள்ல இந்த ரெண்டு விருதுக்கும் ஒரே பேரை எழுதாதீங்க.

பண்டாரவளை: புள்ளிக் கணக்கு முக்கியம். எம்விபிக்கு வாக்களிக்கிற 50 பேர், ஆளுக்கு ஐந்து வீரர்களை வரிசைப்படுத்துவாங்க: முதலிடத்துக்கு 10 புள்ளி, அப்புறம் 5, 3, 2, 1. 2024 சீசன்ல ஆலன் 383, இன்னொரு குவாட்டர்பேக் லாமார் ஜாக்சன் 362. ஆனா ஆல்-ப்ரோ (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில குவாட்டர்பேக்கா ஜாக்சன்! அதை நம்பி எம்விபி எழுதுனவங்க எல்லாம் கவுந்தாங்க.

ஹட்டன் தம்பி: ப்ளேஆஃப் (சீசன் முடிஞ்சு நடக்கிற நாக்-அவுட் ஆட்டங்கள்) பார்த்துட்டு பேரை மாத்தலாமா?

பதுளைக்காரன்: பிரயோசனமில்ல. ரெகுலர் சீசன் முடிஞ்சதுமே, ப்ளேஆஃப் தொடங்க முந்தியே வாக்குப் போயிரும்.