தௌலாதார் மலையில் கத்தி நாயை எதிர்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

பொதிகை நடையன்

வெட்டும் கத்தியன்று; இமாசலத்தின் மேய்ப்பர்களான கத்தி மக்கள் வளர்க்கும் மலைநாயைச் சொல்கிறேன். அக்டோபர் தொடக்கத்தில் திரியுண்ட் முகட்டைத் தாண்டி லாஹேஷ் குகைக்கு ஏறிக்கொண்டிருந்தேன். கோடை மேய்ச்சலை முடித்த மந்தைகள் இந்திரஹார் கணவாயைக் கடந்து காங்ராவை நோக்கி இறங்கும் பருவம் அது. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியபோது, பத்தடி தொலைவில் ஓர் ஆடு அப்போதுதான் ஈன்றிருந்த குட்டியை நக்கிக்கொண்டு நின்றது. அடுத்த கணம் எங்களுக்கு நடுவில் நாய் வந்து நின்றுவிட்டது. கரிய உடல், மார்பில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் வெளிப்புறம் முட்கள் நீட்டிய இரும்புப் பட்டை. அது குரைக்கவில்லை; அடிவயிற்றிலிருந்து உறுமல் மட்டுமே வந்தது. நான் அச்சத்தில் ஊன்றுகோலை ஓங்கிவிட்டேன். அது பின்வாங்கவுமில்லை, பாயவுமில்லை. நான் இடப்பக்கம் நகர்ந்தால் தானும் நகர்ந்து, எனக்கும் குட்டிக்கும் இடையில் தன் உடலையே வேலியாக வைத்திருந்தது. குட்டி இரண்டு முறை எழ முயன்று விழுந்து, மூன்றாம் முறை நின்று, தாயின் பின்னால் தள்ளாடி நடந்தது. உடனே அந்த நாய் என்னைத் திரும்பியும் பாராமல் அவற்றைப் பின்தொடர்ந்து போய்விட்டது. ஓங்கிய கோல் என் கையில் அப்படியே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கோலை நான் ஓங்கியிருக்க வேண்டாம் என்ற எண்ணம் அகலவில்லை.

நீலவாணி

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. குல்லுவிலிருந்து ஹம்ப்தா கணவாய் வழியாக லாஹுலுக்கு நடந்தபோது, ஜ்வாரா முகாமில் ஓர் இளம் நாய் எங்கள் கூடாரத்துக்கு வந்தது. நாங்கள் சப்பாத்தியும் ரொட்டித் துண்டுகளும் கொடுத்தோம். மறுநாள் அது எங்களுடன் கணவாயை ஏறியது, பனியில் எங்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டியது, லாஹுலில் உள்ள சத்ரு என்னும் இடம் வரையிலும் வந்தது. எங்களைத் தானே தேர்ந்தெடுத்த துணை என்று மகிழ்ந்து படம் எடுத்துக்கொண்டோம். வண்டியில் ஏறும்போதுதான் அதன் கழுத்தில் ரோமம் தேய்ந்து, இரும்புப் பட்டை கிடந்த தடம் தெரிவதைக் கண்டேன். அதற்கு ஒரு மந்தை இருந்திருக்கிறது. வண்டி கிளம்பியபோது அது சாலை நடுவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது.

கால்நடை மருத்துவன்

என் அனுபவம் சிறியது. பர்மௌருக்கு அருகே ஒரு கிடையில் ஓர் இரவு தங்கியிருக்கிறேன். ஆடுகள் அடைந்த பிறகு நாய்கள் கிடையைச் சுற்றித் தனித்தனியே படுத்தன. நள்ளிரவில் ஒரு நாய் குரைக்க, எதிர்ப்புறத்து நாய் தன் இடத்தை விடாமலேயே பதில் கொடுத்தது. மேய்ப்பர் விழிக்கக்கூட இல்லை. அந்தக் குரைப்பில் சிறுத்தை இல்லை என்று உறக்கத்திலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

சகோதரி நீலவாணி, வருந்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் 'தானே தேர்ந்தெடுத்த துணை' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். இந்த இனத்து நாய் குட்டிப் பருவத்திலிருந்தே ஆடுகளோடு வளர்ந்து அவற்றைத் தன் கூட்டமாகக் கொள்கிறது. அந்தப் பிணைப்பு முற்றாத இளநாய்க்கு நடைப்பயணிகள் தொடர்ந்து உணவிட்டால், அது கிடையை விட்டு முகாம்களைச் சுற்றத் தொடங்கிவிடும். கத்தி மக்கள் மந்தையை 'தன்', அதாவது செல்வம், என்கிறார்கள். நம் மொழியில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று பொருள் இருப்பதைப் போலத்தான் அதுவும். ஒரு காவல் நாய் குறைந்தால் அந்தச் செல்வத்தின் ஒரு பக்கம் திறந்துவிடுகிறது.

நடையன் அவர்களே, நீங்கள் கண்டதுதான் அதன் உண்மையான இயல்பு. முதலில் தன் இருப்பைக் காட்டும், பிறகு குறுக்கே நிற்கும், அதற்கும் அடங்காவிட்டால்தான் பாயும். ஆகையால் மந்தையைக் கண்டதும் நில்லுங்கள், மேய்ப்பரைக் குரல் கொடுத்து அழையுங்கள், கோலைத் தாழ்த்துங்கள், நாயின் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், ஆடுகளை ஊடறுக்காமல் விலகிச் சுற்றிப் போங்கள், எக்காரணம் கொண்டும் ஓடாதீர்கள். வீட்டு நாயை இந்த மலைகளுக்கு அழைத்துவர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் காவல் நாயின் கண்ணுக்கு அது ஆடு தூக்க வந்த விலங்காகத் தோன்றக்கூடும். அந்த முட்பட்டையைக் கொடுமை என்று எழுதுவோரையும் பார்த்திருக்கிறேன். சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும். வெளிப்புறம் நீட்டிய அந்த முட்களே நாயின் உயிரைக் காக்கின்றன.

ஊர்க்குருவி

மருத்துவர் அறிவுரையின் நடுவில் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் இந்த நாய்க்கு கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் இனப் பதிவு கிடைத்தது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகியவற்றுக்குப் பிறகு பதிவு பெற்ற நான்காம் நாட்டு நாயினம் இது. பெருமைதான். ஆனால் பெயர் பரவினால் நகரத்தில் வாங்குவோரும் பெருகுவார்கள் என்று அஞ்சுகிறேன். தில்லியில் என் உறவினர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இந்த இனத்து நாய் ஒன்றைக் கண்டேன். பகலெல்லாம் உறங்கியது, இருட்டியதும் மாடத்துக்கு வந்து, கீழே செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் விடியும் வரை குரல் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் முறையிட்டதால் அதை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். கிடையில் அது செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் அங்கும் தவறாமல் செய்தது.

பொதிகை நடையன்

மருத்துவர் ஐயா, கோலைத் தாழ்த்தச் சொன்னதைப் படித்த பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நாய் போன பிறகு மேய்ப்பர் மேலிருந்து இறங்கி வந்து, அந்தக் குட்டியைத் தூக்கித் தன் சோழா என்னும் கம்பளி அங்கியின் மடிப்புக்குள் வைத்து, இடுப்பில் சுற்றிய கம்பளிக் கயிற்றின் மேல் தலை மட்டும் வெளியே தெரியும்படி இருத்திக்கொண்டார். என் கையிலிருந்த கோலையும் பார்த்தார். அடித்தீர்களா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். நாயைத் தன்னருகே அழைத்து, விலாவையும் முதுகையும் கையால் தடவி, தானே சோதித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு வழிவிட்டார்.