பொமரேனியனுக்கு 7 மாசமா முடி வளரல

மதுரை. ஆண் பொமரேனியன், 4 வயது, 2.8 கிலோ. (நம்ம ஊர்ல பாம்னு சொல்லி விக்கிற இந்தியன் ஸ்பிட்ஸ் இல்லை, நிஜமாவே குட்டி ரகம்.) ஏப்ரல் வெயிலுக்குப் பாவமா இருக்கேன்னு ஒட்ட மழிச்சு விட்டோம். குளிர்நாட்டு வம்சம், ரெண்டு அடுக்கு ரோமம், மழிக்கவே கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இப்போ நவம்பர். முதுகும் வாலும் வெறுமை, தோல் கறுத்துட்டு வருது. தலையிலயும் கால்லயும் முடி பழையபடி இருக்கு. அரிப்பு இல்லை. குரைப்புக்கும் குறைச்சல் இல்லை.

தோலைச் சுரண்டி டெஸ்ட் பண்ணியாச்சு, சொறிப்பூச்சி இல்லை. தைராய்டு நார்மல். மருந்து ஷாம்பு, 3 மாசம் மீன் எண்ணெய் மாத்திரை, எதுவும் கேக்கல. தேங்காய் எண்ணெயை நக்கியே தீர்த்துட்டான். இனி கருத்தடைதான் பாக்கிங்கிறார் டாக்டர்.

இதே நிலைமையில கருத்தடைக்கு அப்புறம் யார் வீட்டுப் பாமுக்காவது முடி திரும்ப வளர்ந்திருக்கா, எத்தனை மாசம் ஆச்சு?