ஹைட்ரா தீவுக்கு ஈஸ்டரா, நவம்பரா?

வணக்கம் மக்களே. கிரீஸ்ல இருக்கிற ஹைட்ரா தீவுக்கு ஆகஸ்ட் தவிர வேற மாசத்துல யாராவது போயிருக்கீங்களா?

நான் ஒரு ஆகஸ்ட்ல போனேன். ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்துல ஏறினா வேகப்படகு ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடும். தீவுல கார், பைக் கிடையாது. சாமான் எல்லாம் கோவேறு கழுதை மேலதான். ஒண்ணு முதுகுல வாஷிங் மெஷினைச் சுமந்துக்கிட்டுப் படியேறிச்சு. அதையே பார்த்து நின்னதுல என் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வழிஞ்சுடுச்சு. ஆனா வெயில் இருக்கே, அப்பப்பா!

இந்தத் தடவை அம்மாவும் வர்றாங்க, முழங்கால் வலியோட. 2027-ல அங்க ஈஸ்டர் மே 2. அதுக்கு முந்தின புனித வெள்ளி ராத்திரி, தீவுலயே இருக்கிற காமினிங்கிற சின்ன மீனவ ஊர்ல இயேசுவோட பாடையைப் பூவால அலங்கரிச்சு, தோள்ல தூக்கிக்கிட்டுக் கடலுக்குள்ளயே இறங்குவாங்க. அம்மாவுக்கு அதைப் பார்க்கணும். எனக்குக் கூட்டம்னாலே அலர்ஜி, நவம்பர்தான் ஆசை.

ஈஸ்டருக்கு எத்தனை மாசம் முன்னாடி ரூம் போடணும்? அந்த ராத்திரி காமினியில இருந்து திரும்ப வாட்டர் டாக்சி கிடைக்குமா, இல்ல நடைதானா? நவம்பர்ல காத்து அடிச்சா படகு நிக்குமே, எத்தனை நாள் மாட்டிக்கிட்டீங்க? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.