புதுத் தொழில்நுட்பம் எண்டு செய்தி வந்தால் எங்கட சனம் ஏன் சிரிக்குது?

துணுக்காய் ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வன்னியில துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். ஒரு விசயம் மனசைப் போட்டு அரிக்குது, அதைத்தான் எழுதுறன்.

போன கிழமை ஒரு பிள்ளை செய்மதி இன்ரநெற் பற்றிப் பேப்பரில வந்த துண்டை வெட்டிக்கொண்டு வந்தவள். பக்கத்தில டவர் தேவையில்லை, வானத்திலயிருந்து நேர வீட்டுக் கூரைக்கு வரும் எண்டு போட்டிருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னேரம் எங்கட திண்ணையில வாசிச்சன். அப்பா, சித்தப்பா, பக்கத்துக் காணிக்கார அண்ணை எல்லாரும் இருந்தவை. நான் முடிக்கேக்கு முன்னமே சிரிப்பு. "டவருக்குக் கீழ நிண்டாலே ஒரு கோடுதான் காட்டுது, இனி வானத்தில இருந்து வருமாம்" எண்டார் அப்பா. "வரேக்க ரெண்டு மூடை யூரியாவையும் கட்டி இறக்கச் சொல்லு பிள்ளை" எண்டார் சித்தப்பா. காணிக்கார அண்ணை, "முதல்ல யானை வேலிக்குக் கரண்ட் வரட்டும்" எண்டுட்டு எழும்பிப் போயிட்டார்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையிட்டக் கேட்டால், அவளின்ர வீட்டிலயும் இதே சிரிப்புத்தானாம். துண்டைக் கொப்பிக்குள்ள மடிச்சு வைச்சவள், பிறகு வெளியில எடுக்கேல்லை. எனக்கு அதுதான் தாங்கேலாமல் இருக்கு.

சிரிச்சவையைப் பிழை சொல்ல வரேல்லை. எத்தினையோ செய்தி வந்தது, சாமான் வரேல்லை. ஆனால் எந்தச் செய்தியைத் தள்ளலாம், எதை நிண்டு கேக்கவேணும் எண்டு பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது? அனுபவப்பட்ட ஆக்கள் எழுதுங்கோ.


அக்கராயன் கமக்காரன்:

தங்கச்சி, உங்கட சித்தப்பா யூரியா எண்டு சொன்னது வெறும் பகிடி இல்லை. அதுக்குப் பின்னால 2021ஆம் ஆண்டுக் காலபோகம் நிக்குது.

அந்த வருசம் மே மாதம் இரசாயன உரம் இறக்குறதைத் தடை செய்தவை. ஒக்ரோபரில இந்தியாவில இருந்து பிளேனில நனோ நைதரசன் எண்ட திரவ உரம் வந்தது. அரை லீற்றர் போத்தல் ஒண்டு ஒரு மூடை யூரியாவுக்குச் சமன் எண்டு பேப்பர், றேடியோ எல்லாத்திலயும் சொன்னவை. எங்கட கூட்டத்தில ஒரு வயசாளி எழும்பி, "அப்ப இனி மாடு சாணம் போடத் தேவையில்லை, வயலுக்குப் பக்கத்தால நடந்து போனாலே காணும்" எண்டார். மண்டபமே சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரேல்லை. மூண்டு ஏக்கர் விதைச்சுக் கிடந்தது.

நவம்பரில தடையை எடுத்தவை. ஆனால் என்ர கைக்கு உரம் வரேக்க நெல்லு குடலை தள்ளி, கதிர் வாற பருவம் ஆயிட்டுது. வரம்பில நிண்டு பார்த்தால் முழு வயலும் எலுமிச்சம்பழ நிறம். ஏக்கருக்கு 12 மூடை கூட வரேல்லை. நகையை அடைவு வைச்சு விதைச்ச போகம் அது. அதுக்குப் பிறகு "புதுசு" எண்டு ஆரும் வாயைத் துறந்தால் எங்களுக்கு முதல்ல சிரிப்புத்தான் வருது. அழுறதுக்குப் பதிலா எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.


விசுவமடு றேடியோக் கடை:

ரீச்சர், உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். நான் 1988இல இருந்து றேடியோ திருத்துறவன், இப்ப போனும் திருத்துறன். செய்தியைக் கேட்டுச் சிரிக்கிறவையும் நம்பிக் கெட்டவையும் என்ர கடை வாங்கிலதான் வந்து இருக்கிறவை. அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

சண்டை நடந்த தொண்ணூறுகளில வன்னிக்குள்ள பற்றரி கொண்டுவரத் தடை. கரண்டும் இல்லை. ஒரு நாள் பெடியன் ஒருத்தன் வந்து, யாழ்ப்பாணத்தில சைக்கிள் டைனமோவில றேடியோ கேக்கினமாம் எண்டான். இருந்த எல்லாரும் சிரிச்சவை, நானும் சிரிச்சன். அவன் முகம் சுருங்கிப் போனான். அந்த முகம் இண்டைக்கும் எனக்கு நினைவு.

இரவு படுத்திருக்கேக்கதான் கணக்குப் போட்டன். டைனமோவில எழுதியிருக்கிறது 6 வோல்ற், 3 வாற்று. நாலு பற்றரி போடுற றேடியோவுக்கும் நாலு ஒண்டரை 6 வோல்ற்தான். மெல்லிய சத்தத்தில அது அரை வாற்றுகூட எடாது. அப்ப ஏன் முடியாது? ஒரு தடைதான்: டைனமோவில வாறது ஆடலோட்டம், றேடியோ கேக்கிறது நேரோட்டம். விடிய எழும்பி, அதை நேரோட்டமாக்க ஒரு பழைய செற்றில இருந்து நாலு டயோட்டும் ஒரு பெரிய கொண்டன்சரும் கழட்டிப் பொருத்தினன். சைக்கிளைக் கவிட்டு நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்த, பாட்டு வந்தது. ஆனால் வேகமாச் சுத்தினால் வோல்ற் ஏறி உள்ளுக்க ரான்சிஸ்டர் சுட்டுப்போடும். அதுக்கு டைனமோவின்ர சொந்த பல்பையும் சேர்த்தே எரிய விட்டன். மிச்சத்தை அது விழுங்கும். பல்பு மஞ்சளா எரிஞ்சால் சரி, வெள்ளையா வந்தால் கையைக் குறை எண்டு சனத்துக்குச் சொல்லிக் குடுத்தன். பிறகு எத்தினை இரவு, ஒரு ஆள் சுத்த, ஒரு ஆள் ஸ்ரேசன் பிடிக்க, முற்றத்தில பதினைஞ்சு இருவது பேர் குந்தியிருந்து பி.பி.சி தமிழோசை கேட்டம். சுத்துறவரின்ர கை களைச்சால் செய்தி வாசிக்கிறவரின்ர குரலும் இறங்கும். உடன அடுத்த ஆள் எழும்பிப் போவார்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், சிரிப்பில பிழை இல்லை ரீச்சர். சிரிச்சதோட எழும்பிப் போறதுதான் பிழை. அந்தப் பெடியனுக்கு அண்டைக்கே நாலு எண் எழுதிக் காட்டியிருந்தால் அவன் முகம் சுருங்கியிருக்காது.

அக்கராயன் அண்ணை சொன்ன போத்தலை எடுங்கோ. 45 கிலோ யூரியா மூடையில 46 சதவீதம் நைதரசன், அதாவது 20 கிலோவுக்கு மேல. போத்தலில 4 சதவீதம் எண்டு போட்டிருந்தது. அரை லீற்றரில 4 சதவீதம் எண்டால் 20 கிராம். கிலோவும் கிராமும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். யூரியாவில மூண்டில ரெண்டு பங்கு தண்ணியோடயும் காத்தோடயும் போகுது, இலையில தெளிச்சால் ஒண்டும் போகாது எண்டு போத்தல் விக்கிறவை சொல்லட்டும். போனாலும் மிச்சம் 7 கிலோ நிக்குதே. 20 கிராமை எங்க கொண்டுபோய் அதோட வைக்கிறது? நெல்மணிக்குள்ள இருக்கிற நைதரசன் எங்கயோ இருந்து வரத்தானே வேணும். இதுக்குப் பட்டம் தேவையில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுற கணக்கு. அந்தக் கூட்டத்தில ஆராவது ஒரு ஆள் போத்தலைத் திருப்பி லேபிளை வாசிச்சிருந்தால் அண்ணை அண்டைக்கே வேற வழி பார்த்திருப்பார். அதை நினைச்சால் எனக்கு இப்பவும் நெஞ்சு எரியுது.

இனி உங்கட பிள்ளையின்ர துண்டு. பழைய செய்மதிகள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில நிக்கிறது. ஏறி இறங்க 72,000. ஒளி செக்கனுக்கு 3 லட்சம் கிலோமீற்றர் போனாலும் கால் செக்கன் பிடிக்கும், கேள்விக்கும் பதிலுக்குமா அரைச் செக்கன். வெளிநாட்டில இருக்கிற மகனோட கதைக்கேக்க ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைச்சு முட்டுப்படுற மாதிரி. இந்தப் புதுச் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவிலதான் சுத்துது. அதே கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கோ, விடையை நான் சொல்ல மாட்டன். இந்தச் செய்தி கணக்கில நிக்குது. நான் நம்புறன்.


வவுனியாவில நெற்வேர்க் வேலை:

றேடியோ அண்ணை சொன்னதுக்கு ஒண்டு சேர்க்கிறன். கணக்கில நிண்டும் கைக்கு வராத செய்தியும் இருக்கு. 2015இல கூகிளின்ர லூன் பலூனுக்குக் கொழும்பில கையெழுத்து வைச்சவை. 20 கிலோமீற்றர் உயரத்தில பலூன் மிதக்கும், முழுத் தீவுக்கும் இன்ரநெற் எண்டு. நான் அப்ப மாங்குளத்தில ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தன், பின்னேரத்தில வானத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பன். 2016 பெப்ரவரியில ஒரு பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில வந்து இறங்கினதோட எங்களுக்கு அந்தக் கதை முடிஞ்சது. 2021 தையில கொம்பனியே திட்டத்தை மூடிட்டுது.

ஆனால் பலூன் பொய் இல்லை. 2017இல புவேர்ட்டோ ரிக்கோவில புயல் அடிச்சு டவரெல்லாம் விழுந்த நேரம் அது வேலை செய்தது. கென்யாவில 2020இல சனத்துக்குச் சேவை குடுத்தது. செலவுக்கு ஏற்ற வருமானம்தான் வரேல்லை. அதனால பிள்ளையளுக்கு இதையும் சொல்லிக் குடுங்கோ ரீச்சர்: நடக்குமா எண்டு கேட்ட பிறகு, ஆர் காசு கட்டுறது எண்டும் கேக்கவேணும். இந்தச் செய்மதி இன்ரநெற் குடுக்கிற ஸ்ரார்லிங்குக்கு இலங்கையில 2024 ஓகஸ்ட்டில அனுமதி குடுத்து, 2025 யூலையில சேவை தொடங்கிட்டுது. ஆனால் தொடங்கின நேரம் தட்டும் மற்றச் சாமானும் ஒரு லட்சத்துக்கு மேல இருந்தது. அது ஒரு கமக்காரக் குடும்பம் தனிய வாங்கிற விலை இல்லை. பள்ளிக்கூடம், வாசிகசாலை எண்டு பொதுவாக் கேட்டால்தான் சரிவரும். தட்டுக்கு வானம் திறந்து இருக்கவேணும், பாலை முதிரை மரத்துக்குக் கீழ வைச்சால் விட்டு விட்டுத்தான் வரும்.


துணுக்காய் ரீச்சர்:

மூண்டு பேருக்கும் மனசார நன்றி. இண்டைக்கு ரெண்டு பாடவேளையையும் இதுக்கே குடுத்தன். போத்தல் கணக்கைக் கரும்பலகையில போட்டவுடன பின் வாங்கில ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், இது அப்பாவுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டான். அவையின்ர வயலும் அந்த வருசம் போனதாம். அதுக்கு என்னால உடன பதில் சொல்லேலாமல் போச்சு.

துண்டு கொண்டுவந்த பிள்ளை, கேள்வியும் பதிலும் ஏறி இறங்க நாலு தரம் எண்டு 550ஐ நாலால பெருக்கி 2,200, அதை 3 லட்சத்தால பிரிச்சு 0.0073 செக்கன் எண்டு எழுதினாள். விடையைத் துண்டின்ர ஓரத்திலயே எழுதிக் கொண்டுபோனவள். நானும் பின்னேரம் திண்ணையில அதைச் சொன்னன். அப்பா இந்தமுறை சிரிக்கேல்லை, "மாதம் எவ்வளவு கட்டவேணும்?" எண்டு கேட்டார்.

பிள்ளை கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வேணும் றேடியோ அண்ணை: மாரி மழைக்கு இது நிக்குமோ?


விசுவமடு றேடியோக் கடை:

நல்ல கேள்வி. தூறலுக்கு ஒண்டும் செய்யாது. ஐப்பசி கார்த்திகையில இரணைமடுக் குளம் வான் பாயிற மாதிரிக் கொட்டுற மழைக்குக் கொஞ்ச நேரம் குறையும், சில நேரம் நிக்கும். பெருமழைக்கு டிஷ் ரீவி படம் கட்டம் கட்டமா உடையிறதைப் பிள்ளை பார்த்திருப்பாள், அதே காரணம்தான். இந்தச் சிக்னலின்ர அலை நீளம் ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர், பெரிய மழைத்துளி அதை உறிஞ்சியும் சிதறடிச்சும் போடும். மழை விட்டதும் தானா வரும்.

பிள்ளையளுக்கு அந்த டைனமோ றேடியோவைச் செய்து காட்டுவம். டயோட்டும் கொண்டன்சரும் என்ர கடையில கிடக்கு ரீச்சர், காசு வேண்டாம். டைனமோ மட்டும் எங்கயும் பழைய சைக்கிளில தேடிக் கழட்டி வையுங்கோ. சனிக்கிழமை காலமை பஸ்ஸில வாறன்.