லெட்டோ-ஃபோர்பெக்குக்குத் தோட்டா எங்கிருந்து வந்தது?

வெருலம் வாசகர்:
வணக்கம். முதல் உலகப் போரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில், அதாவது பெரும்பாலும் இன்றைய தான்சானியாவில், படை நடத்திய பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக் பற்றி ஒரு சந்தேகம். கடலை பிரிட்டிஷார் அடைத்துவிட்டார்கள். 1916இல் நம் தென்னாப்பிரிக்கத் தளபதி ஸ்மட்ஸே போய்த் துரத்தினார். அப்படியும் 1918 நவம்பர் வரை எப்படித் தாக்குப்பிடித்தார்? தோட்டா, மலேரியா மருந்தான கொய்னா எல்லாம் எப்படிக் கிடைத்தது?

சாட்ஸ்வர்த்:
பாதி எதிரி கொடுத்ததுதான் ஐயா. 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் இறங்கியது பிரிட்டிஷாரின் இந்தியப் படை, ஏறத்தாழ 8,000 பேர். எதிரே லெட்டோவின் ஆட்கள் சுமார் ஆயிரம், ஆனாலும் தோற்றது பிரிட்டிஷ் பக்கம். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் அங்கே இருந்தது. சிதறி ஓடியதற்குச் சிப்பாய்களைத் திட்டுவது வழக்கம், ஆனால் கோளாறு மேலே. ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் முதலில் ஊருக்கு எச்சரிக்கை விட்டது. அந்த அவகாசத்தில் லெட்டோ மோஷியிலிருந்து ரயிலில் ஆள் சேர்த்துவிட்டார். கரையில் விட்டுப்போன துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாவும் அவருக்கு. அது ஏன் பெரிய விஷயம் என்றால், அவருடைய அஸ்காரிகளில், அதாவது ஆப்பிரிக்கச் சிப்பாய்களில், பலரிடம் இருந்தது 1871 மாடல் துப்பாக்கி. கரிமருந்து. ஒரு முறை சுட்டால் புகை கிளம்பி, ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும்.

ஃபீனிக்ஸ்:
முற்றுகையைத் தாண்டி 1915லும் 1916லும் ஒவ்வொரு ஜெர்மன் கப்பல் சரக்கோடு வந்தது. ருஃபிஜி ஆற்றில் முடங்கிய கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலிலிருந்து பத்து 10.5 செ.மீ. பீரங்கிகளைக் கழற்றித் தரையில் இழுத்தார்கள். கொய்னா? அமானி ஆய்வு நிலையத்தில் சின்கோனாப் பட்டையிலிருந்து எடுத்தார்கள். பிறகு வெறும் பட்டையைக் காய்ச்சிக் குடித்த கசப்புக்கு வீரர்கள் வைத்த பெயர் லெட்டோ சாராயம்!

டோங்காட்:
"தோற்காதவர்" என்ற புகழை அப்படியே நம்பாதீர்கள். 1917 அக்டோபரில் மஹிவாவில் நான்கு நாள் சண்டை. ஜெயித்தார், ஆனால் புகையில்லாத் தோட்டா அநேகமாகத் தீர்ந்தது. அதனால்தான் நவம்பரில் ருவூமா ஆற்றைக் கடந்து மொசாம்பிக்குக்குள் புகுந்து, ங்கோமானோவில் போர்ச்சுகீசியரின் கிடங்கைப் பிடித்தார்.

சோற்றுக் கணக்கும் பாருங்கள். சுமைகாரர் தூக்குவது 25 கிலோ, தின்பது நாளைக்கு ஒரு கிலோ என்று வைத்தால், பன்னிரண்டு நாள் நடை தூரத்துக்குப் போய்வந்தாலே சுமை ஏறக்குறைய முழுதும் அவர் வயிற்றுக்குத்தான். ஆகவே வழியிலுள்ள கிராமத்துத் தானியம் போயிற்று, பின்னால் பஞ்சம். இரு தரப்புச் சுமைகாரர்களும் செத்தது ஒரு லட்சத்துக்கு மேல் என்கிறார்கள்.

வெருலம் வாசகர்:
நன்றி. கடைசியில் அவர் சரணடைந்த ஊர் அபர்கார்ன் என்கிறார்கள், அது வரைபடத்தில் இல்லையே?

சாட்ஸ்வர்த்:
சாம்பியாவில் ம்பாலா என்று தேடுங்கள். போர்நிறுத்தச் செய்தி அவருக்கு வந்ததே 1918 நவம்பர் 14 வாக்கில். ஆயுதம் வைத்தது 25ஆம் தேதி.