ஸ்டோரை இடிக்கப் போகிறார்கள், ஒரு நாள்தான் இருக்கிறது: எதைப் படம் எடுப்பது?

மேட்டு லயத்தான்:

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, மூடிப் பதினாறு வருடம் ஆகிறது. கொழுந்து இப்போது லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. போன மாதம் பழைய இரும்பு எடுக்கிற ஆள் வந்து கொழுந்து உருட்டுகிற ரோலர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். முதலில் இரும்பைக் கழற்றி, அப்புறம் தகரத்தை இறக்கி, மிச்சத்தை இடிப்பார்களாம்.

அப்பா அங்கே தேயிலை உலர்த்துகிற ட்ரையரில் 22 வருடம் நின்றவர். நான் கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கையில் இருப்பது பழைய நிக்கோன் டி3200, அதோடு வந்த 18-55 லென்ஸ். வருகிற போயாவுக்கு (பௌர்ணமி லீவு) ஊருக்குப் போகிறேன். தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டாயிற்று, ஒரு நாள் தருகிறேன் என்றார்.

தீபாவளிக்குப் போனபோது வாச்சர் அண்ணன் பத்து நிமிஷம் உள்ளே விட்டார். அன்றைக்கு எடுத்த படங்களில் ஜன்னலெல்லாம் வெள்ளையாக எரிகிறது, உள்ளே இருப்பது கரி. அதை எப்படிச் சமாளிப்பது? மேல் மாடிக்கு ஏறலாமா? பலகை கறுத்துப் போயிருக்கிறது.

இன்னொன்று. உடைந்த கண்ணாடி, அதில் முளைத்த செடி, மேலே விழுகிற வெயில், இந்த மாதிரிப் படம் எனக்கு வேண்டாம். அது எந்த ஊர்க் கட்டடத்திலும் கிடைக்கும். இது தேயிலை ஸ்டோர், இங்கே ஆட்கள் வேலை செய்தார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

ஊவாக் காத்து:

ஜன்னல் பிரச்சினைக்கு முக்காலிதான் மருந்து. ஒரே இடத்திலிருந்து மூன்று படம்: ஜன்னலுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, இருட்டு மூலைக்கு ஒன்று. பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். டி3200இல் தானாக மூன்று எடுக்கிற வசதி கிடையாது. மேனுவலில் வைத்து ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள், முக்காலி அசையாமல். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு வினாடி டைமர். ரோ ஃபைலாக எடுங்கள். அப்படிச் செய்தும் ஜன்னல் எரிந்தால் விட்டுவிடுங்கள். பனி மூடிய நாளில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைதான் இருக்கும், அது பொய் இல்லையே.

காலையிலேயே போய்விடுங்கள். அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. வௌவால் இருந்தால் மாஸ்க் அவசியம், அந்த எச்சத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வெளியே கூரை விளிம்பில் குளவிக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பழைய டீமேக்கர்:

தம்பி, மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கம் மூன்று ஸ்டோரில் டீமேக்கராக, அதாவது தூள் செய்கிற வேலைக்குப் பொறுப்பாக, இருந்தவன் நான். மேலே ஏறுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். கொழுந்து வாட்டுற மாடியில் பலகைக்கு நடுவே ஓட்டைகள் இருக்கும். வாடிய கொழுந்தை அதற்குள்தான் கொட்டுவோம், நேரே கீழே ரோலருக்குப் போகும். வேலை நடந்த காலத்தில் எது எங்கே என்று கால் அறியும். இப்போது எவனாவது ஒரு சாக்கையோ தகரத்தையோ போட்டு மூடியிருப்பான், அதன் மேல் மிதித்தீர்களோ முடிந்தது கதை. பலகையில் ஆணி வரிசையாக அடித்திருக்கும், அந்த வரிசைக்குக் கீழேதான் உத்தரம். அதன் மேலேயே நடங்கள். தனியாகப் போக வேண்டாம்.

எதை எடுப்பது என்று கேட்டீர்கள். கொழுந்து போன வழியிலேயே போங்கள். முதலில் மாடி. ராத்திரி முழுக்கக் கொழுந்து அங்கே காற்றில் கிடக்கும், காலநிலையைப் பார்த்து 12 மணித்தியாலமோ 18 மணித்தியாலமோ. ஸ்டோருக்கு அத்தனை ஜன்னல் இருப்பது அதற்காகத்தான், அழகுக்கு இல்லை. பிறகு அந்த ஓட்டையை மேலிருந்து ஒரு படம், கீழிருந்து ஒரு படம். அப்புறம் ரோலர் மேசை. பித்தளைக் கட்டைகள் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், இருக்காது. அதற்கடுத்து, உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்துப் பச்சை செம்பு நிறமாகிற தரை. கடைசியில் ட்ரையரும் சலிக்கிற அறையும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். மாடி அவ்வளவு பெரிதாகவும் தூள் கட்டுகிற அறை அவ்வளவு சின்னதாகவும் இருப்பது ஏன் என்று அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தாலே விளங்கும்.

இயந்திரத் தகடுகளை நேராக நின்று எடுங்கள். சிரோக்கோ என்று இருந்தால் பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பெனி செய்த ட்ரையர். இரும்புக்காரர் முதல் நாளே கொண்டுபோவது அதைத்தான்.

கந்தப்பளைக்காரன்:

இடிக்க விடுவானேன்? எங்கள் பக்கம் ஹெதர்செட் ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக்கினார்கள், இயந்திரத்தைக்கூட வைத்திருக்கிறார்கள். கண்டிப் பக்கம் 1925இல் கட்டிய ஹந்தானை ஸ்டோர் இன்றைக்குத் தேயிலை அருங்காட்சியகம். ஒரு மனு எழுதிப் பாருங்களேன்.

மேட்டு லயத்தான்:

அண்ணே, எங்கள் ரோட்டில் ஆட்டோக்காரனே வரமாட்டேன் என்கிறான், ஹோட்டலுக்கு யார் வருவார்? மனு எழுதியாயிற்று. பதில் இல்லை.

போயாவுக்குப் போய் வந்தேன். மச்சானையும் கூட்டிப்போனேன். டீமேக்கர் ஐயா, நீங்கள் சொன்ன ஓட்டைகள் நான்கு. ஒன்றின் மேல் பழைய கோவில் திருவிழா பேனர் விரித்திருந்தது, சாமி படத்தோடு. ஆணி வரிசையை விட்டு நான் நகரவே இல்லை. பித்தளை, நீங்கள் சொன்ன மாதிரியே, இல்லை.

அப்பா வரமாட்டேன் என்று விட்டார். ராத்திரி படங்களைக் காட்டினேன். மாடி, ரோலர் எல்லாவற்றையும் சும்மா தள்ளிக்கொண்டே போனார். ட்ரையர் வந்ததும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கதவத் தொறந்தே போட்டிருக்கானுங்க" என்றார். அப்புறம், "இது ரெண்டாம் நம்பர்டா, நான் நின்னது ஒன்னுல."

ஒன்றாம் நம்பரை ஸ்டோர் மூடுவதற்கு முன்னாலேயே கழற்றி விற்றுவிட்டார்களாம். எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால், அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாச்சர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சிமெண்ட் தரையில் துருப்பிடித்த நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினார். முதல் நாள் அதில்தான் முக்காலியை இடித்துக்கொண்டேன். அந்தத் தரைப் படம்தான் கீழே முதலில் இருப்பது. வெளிச்சம் சரியில்லை, தெரியும். யாரும் திருத்தித் தர வேண்டாம்.

ஐயா, ஐந்தாவது படத்தில் இருக்கிற தகட்டில் முதல் வரி சிரோக்கோதான். கடைசி வரியைத் துரு தின்றுவிட்டது. உங்களுக்கு வாசிக்க முடிகிறதா பாருங்கள்.