ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை பயணம் 9 மணி நேரம் தாமதம்: இழப்பீடு உண்டா?

கேள்வி:
வணக்கம். போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை வந்தேன். ஒரே டிக்கெட், வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். கிளம்பும்போதே இயந்திரக் கோளாறு என்று இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். அங்கே இறங்கி, அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கண்ணெதிரே கேட்டை மூடிவிட்டார்கள். அடுத்த விமானத்தில் சென்னை வந்து சேர்ந்தபோது 9 மணி நேரம் தாமதம். அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை கையில் இருந்தது, சாப்பாடுதான் இல்லை. இரவு இரண்டு மணிக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

இழப்பீடு கேட்டு எழுதினால், "நாங்கள் ஐரோப்பிய நிறுவனம் இல்லை, முதல் விமானம் மூன்று மணி நேரம்கூடத் தாமதமாகவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. இது சரியா?

பதில் 1:
அம்மா இப்போது நலமா?

அவர்கள் சொன்ன இரண்டு காரணமுமே செல்லாது, விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, அங்கிருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். ஒரே புக்கிங் என்றால் கடைசி ஊரில் எவ்வளவு தாமதம் என்பதுதான் கணக்கு, நடுவில் எவ்வளவு என்பது அல்ல. 3500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஆளுக்கு 600 யூரோ, இருவருக்கும் 1200. கோளாறைக் காரணம் காட்டினாலும், வழக்கமான இயந்திரப் பழுது விதிவிலக்கு ஆகாது என்று 2008-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. புயல், வான்வழி மூடல் போன்ற அசாதாரணக் காரணம் என்றால்தான் அவர்கள் தப்பிக்க முடியும்.

சாப்பாட்டு ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.

பதில் 2:
திரும்பிப் போகும்போது கவனம். சென்னையில் ஏறி அதே நிறுவனத்தில் ஐரோப்பா போனால் இந்த விதி கிடையாது. ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் உண்டு. எனக்கு அப்படித்தான் 11 மணி நேரம் போனது, ஒரு யூரோகூட வரவில்லை. அப்புறம் பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையைச் சொல்லி, தங்கிய செலவை மட்டும் ரசீது வைத்து வாங்கினேன். அதற்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் ரசீதைக்கூட நான் தூக்கிப் போடுவதில்லை.

பதில் 3:
பயண வவுச்சர் தருகிறோம் என்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் ஒழிய பணமாகத்தான் தர வேண்டும். இன்னொன்று, சென்னையில் விமானக் கதவு திறந்த நேரம்தான் வந்து சேர்ந்த நேரம், சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல. உங்கள் விஷயத்தில் 9 மணி நேரம், பிரச்சினையில்லை; மூன்று மணி நேரத்தை ஒட்டி வருபவர்கள் அந்த நிமிடத்தைக் குறித்துவையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அம்மா நலம், விசாரித்ததற்கு நன்றி. போர்டிங் பாஸ் இரண்டும் அம்மாவின் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்தபடி இருந்தன. விதி எண்ணைப் போட்டு இன்றிரவே மறுபடி எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கே சொல்கிறேன்.